‘பொது’ என்று பேர் வெட்டிய அண்டா

 

இந்த நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டு அமைப்பாளர்கள் தொலைபேசியில் அழைத்தபோது, “அண்டா” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஐயா, இது இலக்கியக் கூட்டம்…” என்று இழுத்தார் தம்பி. “கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மத்தியானம் எதில் சமைக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். நாம் இன்று நினைவுகூரும் அண்ணனும் கூட்டம் போடுவதற்கு முன்னால் அடுப்பு போட்டவர்தான். இந்தக் கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இப்போது கறி வெந்துகொண்டிருக்கிறது. வாசனை வந்தால் உங்கள் கவனம் அந்தப் பக்கம் போகும். அது என் பேச்சுக்கு ஆதாரமே தவிர இடையூறு அல்ல.

முந்நூறு பேருக்கு மாட்டுக்கறிக் குழம்பு வைப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வரலாறு பிறகு வரட்டும்.

எலும்போடு ஐம்பது கிலோ கறி. சின்ன வெங்காயம் பத்து கிலோ. பூண்டு இரண்டு கிலோ, இஞ்சி ஒரு கிலோ. வற்றல் மிளகாய் இரண்டு கிலோ, மல்லி நான்கு கிலோ, சீரகம், சோம்பு, மிளகு வகைக்குக் கால் கிலோ. எண்ணெய் நான்கு லிட்டர். கறியில் கொழுப்பு இருந்தால் மூன்று போதும். தரையில் நீளக் குழி வெட்டி, இரு பக்கமும் கல் வைத்து, கருவேல விறகு. கறியை மஞ்சளும் உப்பும் போட்டு முதலில் தனியாக வேகவிட வேண்டும். ஏர் இழுத்து ஓய்ந்த மாடாக இருந்தால் இரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் வெங்காயத்தை வதக்கி, அரைத்த மசாலாவைப் பச்சை வாடை போகும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் கையை எடுத்தால் அடி பிடிக்கும். அடி பிடித்த வாடை ஐம்பது கிலோவுக்கும் ஏறிவிடும், அதை எந்தக் கொத்தமல்லித் தழையாலும் மறைக்க முடியாது.

வீட்டுக் கணக்கை அப்படியே ஐம்பதால் பெருக்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். ஒரு கிலோ கறிக்கு ஊற்றும் தண்ணீரைப் போல ஐம்பது மடங்கு ஊற்றினால் குழம்பு ரசமாகிவிடும். பெரிய பாத்திரத்தில் ஆழம் அதிகம், ஆவி போகும் வாய் அதற்கு ஏற்றபடி அகலம் இல்லை. அதனால் தண்ணீர் மெதுவாகத்தான் வற்றும். உப்பும் மிளகாயும் முக்கால் பங்கு முதலில், மீதியை இறக்கும்போது நாக்கில் வைத்துப் பார்த்துத்தான். எங்கள் ஊரில் அண்டாச் சமையல் தெரிந்த மாமா ஒருவர் இருந்தார். அவர் அளவு சொல்லிக் கேட்டதே இல்லை. கொதிக்கிற சத்தத்தைக் கேட்டு, “ஒரு குத்து உப்பு பிடிக்கும் அப்பு” என்பார். சரியாக ஒரு குத்துதான் பிடிக்கும்.

இந்தச் சமையல் குறிப்பில் நான் சொல்லாமல் விட்ட பொருள் ஒன்று உண்டு. அதுதான் அண்டா. அது இல்லாமல் மேலே சொன்ன ஒன்றும் நடக்காது. செட்டிநாட்டில் நம் மக்கள் அண்டா வைத்துச் சமைக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் போட்டார்கள். அரசு போட்ட சட்டம் இல்லை, ஊர் போட்ட சட்டம்.

இன்று நாம் சிவகங்கை மாவட்டம் என்று சொல்லும் இந்தப் பகுதி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே. எச். ஹட்டன், பிற்பாடு எழுதிய இந்தியச் சாதி பற்றிய நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே ஆண்கள் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின.

ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், தடைகள் பதினொன்றாகப் பெருகின. இந்த முறை தேவேந்திரகுல வேளாளரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பும் பித்தளையும் கூடாது. தலையில் வைக்கும் சும்மாடுகூட வைக்கோலில்தான் இருக்க வேண்டும், துணியில் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை மிராசுதாரிடம் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்துக்கு மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் வரக் கூடாது. வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலை நாம் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். மேலாடை பற்றி எழுதியிருக்கிறோம், படிப்பு பற்றி எழுதியிருக்கிறோம். பாத்திரத்தை மட்டும் எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அதை ஆடம்பரத்தின்மீதான தடை என்றே நானும் நெடுங்காலம் படித்து வந்தேன். தங்கம் கூடாது, செருப்பு கூடாது, பித்தளை கூடாது, எல்லாம் ஒரே கணக்கு என்று.

அடுப்பருகில் நின்று யோசித்தபோதுதான் வேறு ஒன்று தெரிந்தது. மண்பானையில் எத்தனை பேருக்குச் சமைக்கலாம்? தண்ணீர்ச் சாலும் தானியக் குதிரும் ஆள் உயரத்துக்குச் செய்வார்கள், சரி. ஆனால் நெருப்பில் ஏற்றி, சோறு வெந்த பிறகு இரண்டு கையால் பிடித்துச் சாய்த்துக் கஞ்சி வடிக்கிற பானை மூன்று படிக்கு மேல் தாங்குவது கஷ்டம். கழுத்தோடு போய்விடும். முந்நூறு பேர் என்றால் இருபத்தைந்து படி அரிசி. எட்டுப் பானை சோற்றுக்கு, ஐந்தாறு பானை குழம்புக்கு. பதினான்கு அடுப்பு, பதினான்கு பேர் காவல், பதினான்கு வகை உப்பு. நடுவில் ஒரு பானை விரிசல் விட்டால் முப்பது பேர் பட்டினி. கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிடுகிறவன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அண்ணன் தம்பி வீட்டோடு நிறுத்திக்கொள்வான்.

மேளம் கூடாது என்பது கூப்பிடாதே என்பது. வண்டி வாகனம் கூடாது என்பது வராதே என்பது. மண்பாண்டம் தவிர வேறு கூடாது என்றால் கூடிச் சாப்பிடாதே என்று பொருள். மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நகையும் துணியும் தனி ஆளைத் தடுக்கிறவை. மேளமும் வாகனமும் பாத்திரமும் கூட்டத்தைத் தடுக்கிறவை. தடை போட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். கல்யாணமும் கருமாதியும் தவிர, பக்கத்துப் பத்து ஊர்ச் சேரிகள் ஒன்றாக உட்கார அன்றைக்கு வேறு சாக்கு ஏது?

அப்படி ஒரு தடை ஏன் 1930இல் வந்தது என்றும் கேட்க வேண்டும். தடை போடப்படுகிறது என்றால், அந்தப் பொருள் வீட்டுக்குள் வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இல்லாததை யாரும் தடுப்பதில்லை. இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனவர்களில் நம்மவர்கள் பெரும்பகுதி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். திரும்பி வந்தவர்களின் தகரப் பெட்டியில் சட்டை இருந்தது, குடை இருந்தது, பீங்கான் பூசிய தட்டு இருந்தது. இன்னொரு பக்கம், அலுமினியம் வந்திருந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கிய பிறகு, பித்தளையைவிட இலேசான, ஈயம் பூச வேண்டாத ஒரு பாத்திரம் சந்தைக்கு வந்துவிட்டது. பித்தளையில் புளி ஊற்றினால் களிம்பேறும். ஈயம் பூசுகிறவர் சேரிக்கு வருவாரா என்பது வேறு கேள்வி. அலுமினியத்துக்கு அந்தத் தயவு தேவையில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் கடல் கடந்த கூலியிலும் புதுச் சந்தையிலும் கிடைத்தது என்பது என் ஊகம். அந்தப் பட்டியலே நம்முடைய முன்னேற்றத்தின் சரக்குப் பட்டியல், எதிரி எழுதிக் கொடுத்தது.

எங்கள் ஊர் தேவகோட்டைக்குக் கிழக்கே. அப்பத்தாவின் மாமியார் ஒரு பித்தளைத் தவலையைச் சாக்கில் சுற்றி வைக்கோல் போருக்குள் வைத்திருந்ததாக அப்பத்தா சொல்லும். வருடத்தில் ஒருநாள் இராத்திரியில் எடுத்துத் துலக்கிவிட்டு மறுபடி உள்ளே வைக்குமாம். அதில் ஒருநாளும் சமைத்ததில்லை. “பெறகு எதுக்கு அப்பத்தா வெளக்குச்சு?” என்று கேட்டிருக்கிறேன். “நம்ம சாமான வெளக்குறதுக்குக் காரணம் வேணுமாக்கும்” என்றது.

தவலை ஒளிந்திருந்த அதே காலத்தில் காரைக்குடி வீடுகளில் பாத்திரம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். நகரத்தார் வீட்டுச் சீர்வரிசை உலகப் புகழ் பெற்றது. பித்தளை, வெண்கலம், செம்பு, பர்மாவிலிருந்து வந்த மரச்சாமான், ஐரோப்பாவிலிருந்து வந்த பீங்கான். ஒரு மகளுக்குக் கொடுத்த அண்டா, தவலை, குத்துப்போணி, கொப்பரைகளை வைக்கவே தனி அறை வேண்டும். அவற்றில் பல இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. சென்ற மாதம் போயிருந்தேன். ஒரு ஆட்டுக்குட்டியை உள்ளே நிறுத்தலாம், அவ்வளவு பெரிய செம்பு அண்டா. வெளியூர்க்காரர் ஒருவர் அதில் செடி வைக்கலாமா என்று விலை கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் சமைக்காமலேயே பரணில் இருந்த அண்டாவும், இன்னொரு வீட்டில் சமைக்க முடியாமல் வைக்கோலில் இருந்த தவலையும் பத்து மைல் தூரத்துக்குள் ஒரே காலத்தில் இருந்தன. செட்டிநாட்டுச் சமையல் வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டையும் எழுத வேண்டும்.

இது செட்டிநாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டலுக்காக 1936இல் அம்பேத்கர் தயாரித்து, நிகழ்த்த முடியாமல், கைக்காசு போட்டு அச்சிட்ட உரை ‘சாதி ஒழிப்பு’. அதில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, குஜராத்தில் ஜானு என்ற ஊரில் 1935 நவம்பரில் வசதியான தீண்டப்படாத பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காக அடிக்கப்பட்டது. மற்றொன்று ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா. புண்ணிய யாத்திரை போய்த் திரும்பிய ஒருவர் தன் மக்களுக்கு விருந்து வைக்கிறார். பந்தியில் நெய்யும் பரிமாறப்படுகிறது. நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடியோடு வந்து சாப்பாட்டைப் பாழாக்கி, உட்கார்ந்திருந்தவர்களை அடித்து விரட்டுகிறார்கள். குடத்தையும் பந்தியையும் அம்பேத்கர் ஒரே மூச்சில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாம்தான் இரண்டையும் தனித்தனியாகப் படித்துவிட்டோம்.

செட்டிநாட்டுக் கொடுமை வெளியே தெரிந்த பிறகு, 1934இல் ஹரிஜன யாத்திரையில் காந்தி தேவகோட்டைப் பக்கம் வந்தார், நாட்டார்களிடம் பேசினார். நம் மக்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது செத்த மாட்டின் கறியை விட்டுவிடுங்கள் என்பது. அம்பேத்கரும் 1927இல் மகத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் ஒருவர் சுத்தமாகுங்கள் என்கிறார், மற்றவர் அவர்கள் தள்ளிவிடும் மிச்சத்தை வாங்காதீர்கள் என்கிறார். மாட்டுக்கறி உண்பது தீண்டாமையோடு எப்படிப் பிணைந்தது என்று 1948இல் ஒரு நூலே எழுதியவர் அவர். தள்ளிவிட்டதைச் சாப்பிடுவதற்கும், காசு போட்டு வாங்கி, அண்டா வைத்து, ஊரைக் கூப்பிட்டுச் சாப்பிடுவதற்கும் உள்ள தூரம்தான் என் பேச்சின் தூரம்.

மிளகாய்க்கு வருகிறேன். மிளகாய் நம் ஊர்ப் பயிர் அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் கப்பலில் பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் காரம் என்றால் மிளகு. பேரிலேயே அந்தக் கதை இருக்கிறது, மிளகைப் போலக் காரமான காய். மிளகு மேற்கு மலையில் விளைவது, செட்டிநாட்டு வானம் பார்த்த பூமியில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மிளகாய் அப்படியில்லை. கரிசலில், ஒரு மழையில், வேலியோரத்தில்கூட வரும். இல்லாதவர்கள் தாங்களே விளைவித்துக்கொள்ள முடிந்த முதல் காரம் அதுதான் என்று சொல்வேன். நம் பக்கத்துக் குண்டு மிளகாய்க்கு, இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர்க் காடுகளில் வெயிலில் குனிந்து அதைப் பறிக்கிற பெண்களின் கூலிக்கும் ஏதாவது குறியீடு கிடைத்தால் இன்னும் நல்ல செய்தி.

அப்பத்தாவின் குழம்பில் எண்ணெய் கிடையாது, கறியின் கொழுப்பே எண்ணெய். தேங்காய் கிடையாது. மிளகாய், மல்லி, உப்பு, இருந்தால் பூண்டு. மிஞ்சிய கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் காயப்போடும். உப்புக்கண்டம். ஆட்டுக்கறியில் செய்தால் அது செட்டிநாட்டு உணவகத்தின் பெருமைமிகு பண்டம், பட்டியலில் விலை கூடின வரிசையில் இருக்கும். மாட்டுக்கறியில் செய்தால் கொடியைத் தெருவில் கட்ட முடியாது, கொல்லையில்தான் கட்ட வேண்டும். கை ஒன்று, உப்பு ஒன்று, வெயிலும் ஒன்று.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவு என்ன தெரியுமா? ‘சில்லி’. மாட்டுக்கறி, வற்றல் மிளகாய், சீரகம் போட்டுப் பெரிய பாத்திரத்தில் வெகுநேரம் கொதிக்க வைப்பது. நம்முடையதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் பொழுது சாய்ந்ததும் விறகு மூட்டி அதை விற்றவர்கள் ஏழை மெக்சிகப் பெண்கள். ‘சில்லி ராணிகள்’ என்று பட்டப்பெயர். 1930களில் சுகாதார விதி என்று சொல்லி நகராட்சி அவர்களை அப்புறப்படுத்தியது. 1977இல் அந்தக் குழம்பை மாநில உணவாக்கினார்கள். குழம்பு மேலே போவதற்கு முன் சமைத்தவர்களைக் கீழே இறக்கிவிட வேண்டும் போலிருக்கிறது.

நம் ஊருக்கே திரும்புவோம். சேர்ந்து உண்ணுதல் என்றவுடன் இங்கே எல்லோரும் சமபந்தியைச் சொல்வார்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1925 வாக்கில் எழுந்த கலகம் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பியது. செங்கல்பட்டில் 1929இல் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் நாடார்கள் சமைத்துப் பரிமாறினார்கள். அன்றைய நிலையில் அது பெரிய செயல். அதன் தொடர்ச்சியாக இன்றும் அண்ணா நினைவு நாளிலும் சுதந்திர தினத்திலும் கோயில்களில் அரசு பொதுவிருந்து நடக்கிறது. ஆட்சியர் நம்மோடு உட்கார்ந்து சாம்பாரும் பாயசமும் சாப்பிடுவார், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பந்தியில் நாம் அவர்கள் சாப்பாட்டுக்குப் போய் உட்காருகிறோம். நம் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்த சமபந்தி எத்தனை? காரைக்குடிப் பக்கத்தில் கல்யாண மண்டபங்களில் ‘அசைவம் உண்டு’ என்று பலகை இருக்கும். எந்த அசைவம் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது எங்கள் ஊர் அண்டாவின் கதை. நான் பிறப்பதற்கு முன்பு, கல்யாணம் காட்சிக்குப் பாத்திரம் டவுனில் வாடகைக்கு எடுப்பார்கள். ஒருமுறை கடைக்காரர், “நீங்க என்ன கறி சமைப்பீங்க?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், எல்லாம் வெளியே போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அண்டா கண்ணெதிரே கவிழ்த்துக் கிடந்தது. அந்த வருடம் அறுவடைக் கூலியில் வீட்டுக்கு ஒரு ரூபாய் பிரித்து, எங்கள் ஆட்கள் ஓர் அலுமினிய அண்டா, இரண்டு தேக்சா, ஒரு துடுப்பு, நான்கு சோற்று வாளி வாங்கினார்கள். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர், “யார் பேரு போட?” என்று கேட்டிருக்கிறார். ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டார்களாம். கடைசியில் விளிம்பில் புள்ளி புள்ளியாக ‘பொது’ என்று வெட்டினார்கள். அந்த இரண்டு எழுத்தை விரலால் தடவிப் படித்துத்தான் நான் எழுத்துக்கூட்டப் பழகினேன்.

அண்டாவோடு ஒரு நோட்டும் இருந்தது. யார் எடுத்தது, என்ன காரியம், எப்போது திருப்பியது, எங்கே நெளிந்தது. நாற்பது பக்க நோட்டுகள் ஏழு. நான் வரலாறு படித்த நாட்களில் ஆவணக் காப்பகங்களில் எவ்வளவோ தேடியிருக்கிறேன், எங்கள் மக்களே எங்கள் மக்களைப் பற்றி எழுதிவைத்த ஆவணமாக நான் தொட்டது அந்த ஏழு நோட்டுகள்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கருமாதி. எழுபதுகளின் கடைசியில், உஞ்சனையில் நம்மவர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்ட 1979இல், பல மாதம் ஒரு பதிவும் இல்லை. யாரும் கூடவில்லை. வெற்றுத் தாள்தான் அந்த வருடத்துக்குச் சாட்சி. பிறகு மெதுவாகத் தொடங்குகிறது. ஏப்ரல் 14 என்ற பதிவு முதலில் வரும் பக்கத்தில், காரியம் என்ற இடத்தில் ‘ஐயா பிறந்தநாள்’ என்று எழுதியிருக்கிறது, உறவுக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி. அன்றைய கறிக் கணக்கும் இருக்கிறது. முப்பது கிலோ.

நோட்டில் இல்லாததையும் சொல்ல வேண்டும். அண்டாவை இறக்கிய மாமாவின் பேர் பலமுறை வருகிறது. முதல்நாள் இராத்திரி முழுக்க அம்மியில் மிளகாய் அரைத்தவர்கள் பேர் ஒருதடவைகூட இல்லை. இரண்டு கிலோ மிளகாயை ஐந்து பெண்கள் அரைப்பார்கள். விடியும்போது கை நெருப்பாக எரியும், விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு பிள்ளையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். என் அம்மா அதில் ஒருவர். மில் வந்த பிறகு அந்தக் கை எரிச்சல் போயிற்று. துடுப்பு மட்டும் இன்னும் ஆண்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இல்லை. இதைச் சொல்லாமல் இறங்கிவிடலாமா என்று நேற்று இராத்திரி வரை யோசித்தேன். எங்கள் ஊரில் புதிரை வண்ணார் வீடு ஒன்று உண்டு. எங்கள் துணியை வெளுத்தவர்கள், எங்கள் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் மாற்றுத் துணி கொண்டு வந்தவர்கள். ஏழு நோட்டிலும் அந்த வீட்டுப் பேரைத் தேடினேன். முதல் ஐந்தில் இல்லை. அந்த வருடங்களில் அந்த வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்ததும் ஒரு சாவு நடந்ததும் எனக்கே தெரியும். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். மண்பானையில் வடித்த சோறு.

அண்டா பொறுப்பில் இருந்த பெரியப்பாவிடம் கேட்டேன். தொண்ணூறு வயதை நெருங்கியிருந்தார். வெகுநேரம் பேசவில்லை. “அவுக கேக்கலையே அப்பு” என்றார்.

அந்த வீட்டு அத்தையிடமும் போய்க் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. “கேட்டிருந்தா குடுத்திருப்பாக தம்பி. அதுல ஒண்ணும் கொறை சொல்ல முடியாது” என்றது. கொஞ்சம் உரித்துவிட்டு, “அதுல ‘பொது’ன்னு எழுதியிருக்குன்னு எங்களுக்கு யாரு வாசிச்சுக் காட்டுனா?” என்றது.

ஆறாவது நோட்டில், பதினொன்றாம் பக்கத்தில் அந்த வீட்டுப் பேர் இருக்கிறது. அத்தையின் பேத்தி சடங்கு. அண்டா ஒன்று, தேக்சா ஒன்று, வாளி இரண்டு. எடுத்தது சனிக்கிழமை. திருப்பியது ஞாயிறு மாலை. நெளிவு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, வேறு யாருடைய பதிவிலும் இல்லாத ஒரு வரி, பெரியப்பாவின் கையெழுத்தில்: சாம்பல் போட்டு நன்றாகத் துலக்கிக் கொடுத்தார்கள்.